மனைப்பிரிவு நிலத்தில் ஆள்காட்டி முட்டைகள்: வேலையை எப்படித் தொடர்வது?

கேள்வி: தளப் பொறியாளர், மதுரை

மதுரைக்குத் தெற்கே ஏழு ஏக்கர் புஞ்சை நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரிக்கும் பணியில் தளப் பொறியாளராக இருக்கிறேன். சீமைக்கருவேலத்தை அகற்றிவிட்டு முப்பது அடிச் சாலைக்குக் கிராவல் பரப்பத் தொடங்கியிருந்த நிலையில், நேற்றுக் காலை லெவல் எடுக்க ஸ்டாஃப் (உயரம் அளக்கும் கோல்) பிடித்து நின்ற பையன் தன் காலடிக்கு இரண்டு முழம் தள்ளி ஆள்காட்டிப் பறவையின் நான்கு முட்டைகளைக் கண்டான். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவுப் பள்ளம், அதன் ஓரத்தில் சரளைக் கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும், நடுவே கூர்முனைகள் உள்நோக்கியிருக்க மண் நிறத்தில் கரும்புள்ளியிட்ட முட்டைகள். அவ்வளவுதான். அது சரியாகச் சாலையின் நடுக்கோட்டில் இருக்கிறது.

இது தவிர, வடகிழக்கு மூலையில் ஒரு பழைய கிணறும், அதன் மேல் சாய்ந்த இரண்டு பனைகளும், அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட தூக்கணாங்குருவிக் கூடுகளும் உள்ளன. வரைபடத்தில் அந்த இடம் இரண்டு மனைகளாகக் காட்டப்பட்டிருப்பதால், அடுத்த வாரம் பனைகளை வெட்டிக் கிணற்றை மூடிவிடலாம் என்கிறார் உரிமையாளர். முட்டைகளை ஓரமாக எடுத்து வைத்தால் பறவை அங்கே வந்து அடைகாக்குமா? சட்டப்படி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1: வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்

தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்தைப் படித்தால், துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் அதில் இல்லை என்பது தெரியும். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அட்டவணைகளின்படி (பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியல்கள்), நம் ஊரில் காணும் பறவைகளில் பெரும்பாலானவை இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்குத் தண்டனை இன்னும் கடுமையானது. மயிலும் புதரடியில் தரையிலேயே முட்டையிடும் என்பதால், மீதமுள்ள கருவேலத்தில் இயந்திரத்தை இறக்குமுன் ஓர் ஆளை விட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டா நிலம் என்பதால் இதிலிருந்து விலக்கு கிடையாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததையும் உங்கள் உரிமையாளரிடம் சொல்லுங்கள். வனச்சரக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

மறுமொழி 2: பறவை நோக்கர்

வணக்கம் சார். முட்டைகளைத் தொடவே வேண்டாம். ஆள்காட்டி தான் தேர்ந்த பள்ளத்தைத்தான் அறியும். ஓரமாக எடுத்து வைத்த முட்டை பெரும்பாலும் காகத்துக்கோ கீரிக்கோதான் போகும்.

நான்கு முட்டைகளும் இடப்பட்ட பிறகு பொரிக்க ஏறத்தாழ 28 முதல் 30 நாட்கள் ஆகும். நீங்கள் கண்டது எத்தனையாவது நாள் என்று தெரியாதபடியால், காத்திருப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். மைனாக் குஞ்சைப் போல ஆள்காட்டிக் குஞ்சு கூட்டில் கிடந்து இரை கேட்பதில்லை. பொரித்த அன்றே உடல் காய்ந்ததும் எழுந்து தாயின் பின்னால் ஓடிவிடும். ஆகவே முட்டை பொரித்த ஓரிரு நாளில் அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

முட்டையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நான்கு கம்புகளை நட்டு, ஓட்டுநர்களிடம் காட்டிவிடுங்கள். அருகிலேயே சிவப்புத் துணி கட்டுவது, நிழலுக்கு ஓலை சாய்ப்பது போன்றவை வேண்டாம். அவை காகத்துக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வழிகாட்டிவிடும். வெயிலைப் பறவை தானே சமாளிக்கும். கண்மாயில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் அமர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இயந்திரம் தூரத்தில் ஓடுவதைவிட, ஆட்கள் நடந்து நெருங்குவதுதான் அதை அதிகம் எழுப்பும். நண்பகலில் நெடுநேரம் எழுந்து நின்றால் முட்டை வெந்துவிடும்.

தூக்கணாங்குருவிகளைப் பொறுத்தவரை, எல்லாக் கூடுகளிலும் குஞ்சு இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆண் பாதி பின்னிய கூட்டைப் பெண் வந்து பார்த்து ஏற்றால்தான் அது முழுமையாகும். பச்சை நாரில் புதிதாகப் பின்னிய கூடுகளுக்குள் பெண் குருவி இரையோடு நுழைகிறதா என்று காலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அதற்காகக் காய்ந்த பழைய கூடுகள் பயனற்றவை என்றும் கொள்ளாதீர்கள்; சில்லை என்னும் சிறு குருவிகள் அவற்றில் குடியேறும்.

மறுமொழி 3: கட்டட ஒப்பந்ததாரர்

வட்டிக்குப் பணம் வாங்கி நிலத்தில் போட்டவரிடம் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வது எளிதல்ல. ஜேசிபி நின்றாலும் வாடகை ஓடும். ஆனாலும் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அடித்தளம் தோண்டிய மண்ணை ஆளுயரத்துக்குக் குவித்து வைத்திருந்தோம். பங்குனியில் அதன் செங்குத்தான முகத்தில் பஞ்சுருட்டான் பறவைகள் வளை தோண்டியிருந்ததை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் அந்த மண்ணை அள்ளி நிரப்பிவிட்டோம். அலகில் தட்டானுடன் திரும்பி வந்த பறவை, வளை வாய் இருந்த உயரத்தில், வெறுங்காற்றில், அன்று மாலை வரை வந்து வந்து திரும்பியது.

இப்போது மாசிக்கு முன்பே மண் குவியலின் பக்கங்களைச் சரிவாக வெட்டிவிடச் சொல்கிறேன். செங்குத்து முகம் இல்லையென்றால் அவை அங்கே வருவதில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன்: வேலையை நிறுத்த வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். மேற்குப் பக்கச் சாலையையும் வடிகாலையும் முதலில் முடித்தால், முட்டை இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும்.

மறுமொழி 4: மனைப்பிரிவு வரைபடம் தயாரிப்பவர்

கிணற்றடியைக் காப்பாற்றும் வழி உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைப் பூங்காவுக்கு ஒதுக்கியே தீர வேண்டும். வழக்கமாக விற்காத கோணல் மூலையை அதற்குத் தள்ளிவிடுவோம். நானும் அப்படித்தான் பல வரைந்திருக்கிறேன். பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் பதிவாகவில்லையென்றால், அந்த ஒதுக்கீட்டைப் பனை நிற்கும் மூலைக்கு மாற்றித் திருத்திய வரைபடத்தைக் கொடுங்கள். பரப்பு குறையாததால் உரிமையாளருக்கு மனை இழப்பு இராது.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. மேற்குச் சாலையை முன்னால் எடுத்துக்கொண்டோம். பதினேழாம் நாள் காலையில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. மறுநாள் அவை வாய்க்கால் ஓரப் புல்லுக்குப் போய்விட்டன. நான்காவது முட்டை பொரிக்காமல் கிடக்கிறது, அதை யாரும் தொடவில்லை. தானப் பத்திரம் இன்னும் பதிவாகாததால் பூங்காவை மாற்ற உரிமையாளர் ஒப்புக்கொண்டார். கிழக்குப் பார்த்த மனைகள் இரண்டு போகின்றனவே என்ற வருத்தம் மட்டும் அவருக்குத் தீரவில்லை. கிணற்றுக்கு மூடி போடுவதற்குப் பதிலாகக் கைப்பிடிச் சுவரை உயர்த்தி மேலே இரும்பு வலை அடிக்கலாம் என்றிருக்கிறோம். தாழத் தொங்கும் கூடுகளுக்கு அந்த வலை இடைஞ்சலாகுமா என்பதைப் பறவை நோக்கர் அம்மா சொன்னால், வெல்டரை அதற்குப் பிறகு வரச் சொல்கிறேன்.