புதுப்பிப்பு: இரண்டு மைக் வைத்தும் கிட்டார் மெலிந்து ஒலிப்பது ஏன்?

முந்தைய இழையின் கேள்வி இது: ஆல்பத்துக்கு ரிதம் கிட்டார் பதியும்போது ஒவ்வொரு மைக்கும் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் சத்தம் சப்பையாகிறது. காரணம் ஃபேஸ்தான் (இரு மைக்குகளின் ஒலி அலைகள் ஒன்றாக ஏறி இறங்காமல் விலகி நிற்பது), ஆம்ப் இல்லை.

ஒரு மைக் ஸ்பீக்கரிலிருந்து 3 செ.மீ., மற்றது 20 செ.மீ. இடையிலுள்ள 17 செ.மீ.யைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கிட்டாரின் உயிரே அங்கேதானே இருக்கிறது! ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) அதை ஏற்றிப் பயனில்லை.

சரிசெய்ய: ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையின் மேடும் பள்ளமும் இடம் மாறும்). ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஹெட்ஃபோனில் கேட்டபடி மைக்கைச் சிறிது சிறிதாக நகர்த்தட்டும். ஒலி மிக மெலிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால் அதே இடத்தில் முழு ஒலி கிடைக்கும். ஏற்கெனவே பதிந்துவிட்டீர்களா? தூர மைக்கின் டிராக்கை அரை மில்லிசெகண்ட் முன்னே இழுத்துப் பாருங்கள்.

பலர் கேட்ட இன்னொரு விஷயம், கிட்டாரை இடது வலது ஸ்பீக்கர்களில் அகலமாகப் பரப்புவது: ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இருபுறமும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. இரண்டாம் முறை வாசித்தே ஆகவேண்டும். டேக்குகளை அடுக்கும்போது டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கூடிக்கொண்டே போகும் என்பதால், அதைக் கூட்டும் ஆம்பின் கெயினை மேடையில் வைப்பதைவிடக் குறையுங்கள். டிஐ சிக்னலையும் (ஆம்ப், மைக் இல்லாமல் கிட்டாரிலிருந்து நேரடியாக வருவது) தனி டிராக்கில் பதிந்து வையுங்கள், பிறகு ரீஆம்ப் செய்ய, அதாவது அதை மீண்டும் ஆம்ப் வழியே அனுப்பிப் பதிய, உதவும்.

டியூனிங் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி நின்றால், சாடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) ஃப்ரெட்களிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள்.