ஜீவனாம்சம் தராதவர் பெயரை சிபிலில் ஏற்ற முடியுமா?

காவேரிப்பட்டணம் தையல்

காவேரிப்பட்டணத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு மாதம் 6,000 ரூபாய் தரச் சொல்லி 2023-ல் கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஆர்டர் ஆனது. அவள் அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் நிரந்தர வேலை. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டார். இப்போது 14 மாதமாகப் பைசா வரவில்லை. மொத்தம் 84,000. கேட்டால் கையில் இல்லையாம். போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுக் கார்! சந்திரசூடேஸ்வரர் கோயில் அடிவாரத்தில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிறார். லோனில்தான் எடுத்திருப்பார்.

நான் பவர் மெஷின் வாங்கக் கடன் கேட்டபோது, எப்போதோ இரண்டு தவணை தள்ளிப்போனதைக் காட்டி சிபில் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைக்கு 14 மாதம் பாக்கி வைத்தவருக்கு மட்டும் எப்படிக் கடன் கிடைக்கிறது? அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், அங்கே இந்தப் பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறிவிடும் என்கிறாள். இங்கே யாரிடம் எழுதிக் கொடுப்பது?

பழைய பேங்க்காரன், தருமபுரி

இங்கே வழியில்லையம்மா. சிபிலையும் சேர்த்து, யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் நிறுவனங்கள் நாலு இருக்கின்றன. 2005-ஆம் வருஷச் சட்டப்படி அவர்களுக்கு விவரம் அனுப்புவது கடன் கொடுக்கும் வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும்தான். ஜீவனாம்சம் அவர்கள் கணக்கில் கடனே இல்லை. உங்கள் சித்தி மகள் சொன்னது சரி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்றே அரசு அலுவலகம் உண்டு, அதுதான் தெரிவிக்கும். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் கிடைக்காது.

பாலக்கோடு அக்கா

சிபிலை விடு தங்கச்சி. எனக்கு அந்த 14-தான் உறுத்துகிறது. பாக்கியை வசூலிக்கக் கோர்ட்டில் வாரண்ட் கேட்டு மனுப் போட, ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் அது வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. இரண்டு மாதம் ஏற்கெனவே கைநழுவிவிட்டது. நானும் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்து ஐந்து மாதத்தை விட்டவள்தான். அந்தப் பணத்தின் மேல் உரிமை போகாது, சிவில் வழக்குப் போட்டுக் கேட்கலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தனி அலைச்சல்.

மனுவில் கம்பெனி பெயர், எம்ப்ளாயி நம்பர், கார் நம்பர் எல்லாம் எழுது. சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கேள். வாரண்டுக்கும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். வெளியே வந்தாலும் பாக்கி கழியாது. எங்கள் வீட்டு ஆள், கம்பெனி கேட்டுக்குப் போலீஸ் வந்த அன்று மதியமே பாதியைக் கட்டினார்!

வக்கீல் 144 என்றால் ஊரடங்கு என்று நினைத்துக்கொள்ளாதே. ஜீவனாம்சத்துக்கான பழைய 125-ஆம் பிரிவுதான், 2024 ஜூலையில் நம்பர் மாறியது. பீஸுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போன் 15100. அப்புறம், அந்த ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயா?

காவேரிப்பட்டணம் தையல்

எடுத்தேன் அக்கா. ஆனால் நம்பர் பிளேட்டை மாலை மறைத்திருக்கிறது. அவர் தங்கச்சி என்னோடு பேசுவாள், கேட்டுப் பார்க்கிறேன். ஆர்டர் நகல் பீரோவில் இருக்கிறது. 40 செட் யூனிபார்ம் தைக்கக் கிடக்கிறது, இருந்தாலும் திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு கிருஷ்ணகிரி போகிறேன்.