கறிவேப்பிலை மரத்துக்கு வந்தது யார்?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் கொல்லைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்துபோகும். முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள், வால். 2 வருடமாக நோட்டில் ‘சிவப்புடல் அழகி’ என்றே எழுதிவந்தேன்.

போன வருடம் ஒரு கோடை மழைக்குப் பிறகு மரம் கொழுந்து விட்டிருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சி ஒரு கொழுந்தில் நொடிநேரம் ஒட்டி, வயிற்றை வளைத்து இலையைத் தொட்டுவிட்டுப் பறந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கடுகளவில் இளமஞ்சளாக ஒரு முட்டை. அங்கேதான் சந்தேகம். சிவப்புடல் அழகி முட்டையிடுவது ஈஸ்வரமூலிக் கொடியில். கறிவேப்பிலையில் அதற்கு என்ன வேலை?

முன்பு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறகெல்லாம் சரி, உடம்பு மட்டும் கறுப்பு! சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் ரத்தச் சிவப்பு, பெயரிலேயே இருக்கிறது. இது கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண். ஈஸ்வரமூலி தின்று வளர்வதால் சிவப்புடல் அழகியின் உடம்பில் நஞ்சு தங்கும், பறவைகள் ஒதுங்கிவிடும். அதே வேஷத்தில் இதுவும் பிழைத்துக்கொள்கிறது. இந்த இனத்தில் சில பெண்கள் ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போல இருக்கும், சில ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு. அதனால் சிறகை ரசித்து முடித்ததும் உடம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தக் கிளையில் மட்டும் கை வைக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அம்மாவும் தாளிப்புக்கு வேறு கிளையில்தான் பறித்தார். புழு முதலில் குருவி எச்சம் மாதிரி கிடந்தது, பெரிதானதும் பச்சை. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டேன்; தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான சிவப்புக் கொம்பு இரண்டாகப் பிரிந்து நீண்டது, கூடவே காட்டமான ஒரு வாடை. கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் நான் தொடவில்லை.

கூட்டுப்புழுவான 10ஆம் நாள் காலை, கசங்கிய சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் மதிலைத் தாண்டுவதற்குள் சிறகு விரிந்து வெள்ளை வரிசை தெளிவாகத் தெரிந்தது. ஆண்.

இந்தப் பங்குனியில் 2 பெண்கள் வருகின்றன, ஒன்று ரோஜா அழகி வேஷத்தில். நோட்டின் பழைய பக்கங்களைத் திருத்திவிட்டேன். படம் எடுக்காத நாட்களுக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.