புதுப்பிப்பு: தானாக ஓடிய எஞ்சின், காரணம் கிடைத்தது

காசிமேட்டில் கட்டியிருந்த எங்கள் விசைப்படகில், டீசலை அடைத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் அலறியது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவில், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. கசிந்த ஆயில் காற்றோடு உள்ளே போய் அதுவே எரிந்திருக்கிறது. அப்புறம் டீசலை அடைத்து என்ன பயன்? காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே கரேலென்று ஆயில், விரலில் வழிகிறது. இரண்டு மாதமாக, ஆயில் அளவைப் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்துகொண்டே வந்தது. நான்தான் ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். என் முட்டாள்தனம்.

காற்று போகும் வாயைக் கையால் பொத்தியிருக்கலாமே என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம், அந்த இழுப்பு கையைப் பதம் பார்த்துவிடும். துணியையும் விழுங்கிவிடும். அன்று காற்று ஃபில்டரைப் பிடுங்கிவிட்டு, ஐஸ் பெட்டியின் மூடிப் பலகையை வைத்து அழுத்தினோம். "தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா ராடு பிளாக்கை உடைச்சிட்டு வந்திருக்கும்" என்றார் மெக்கானிக் அண்ணன். ராடு என்பது பிஸ்டனோடு இணைந்த கம்பி, பிளாக் என்பது எஞ்சினின் உடல்.

இப்போது கனமான பிளைவுட் ஒன்றை அந்தக் காற்று வாயின் அளவுக்கு வெட்டி, எஞ்சின் அறை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். டர்போ சனிக்கிழமை வருகிறது. அதுவரை கடல் இல்லை.