குடும்ப டாக்டர் இல்லாமல் போன ஊர்கள்: உங்கள் அனுபவம்?

வலங்கைமான்வாசி:
எங்கள் கடைத்தெரு டாக்டர் காலமானதும் மகன் சென்னையிலிருந்து வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அம்மாவுக்குத் தலைசுற்றல். கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்றார் அந்த டாக்டர். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டைத் துண்டை மேஜையில் வைத்தார். பெயர் இருந்த பக்கம் கடையிலேயே கத்தரிக்கப்பட்டிருந்தது. "அவருக்குத் தெரியுமே" என்றார், இறந்துபோனவரைச் சொல்லி. டாக்டர் ஒன்றும் பேசாமல் ஸ்கேனுக்கு எழுதினார்.

பூண்டி நர்ஸ்:
பெயரே தெரியாத மாத்திரையை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார் அண்ணே? சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. காலையில் ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். இதில் யார் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மருத்துவ மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. சீட் கிடைத்தால் படிக்கத்தான் போவார்கள், தப்பும் இல்லை. எங்கள் நிலையத்தில் ஒரு பாட்டி "பழைய தம்பி எங்கே?" என்று கேட்டார். மாறிப்போய்விட்டார் என்றதும் சீட்டு வாங்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மன்னார்குடி மாப்ளே:
சம்பா நடவு சமயத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலி. மருந்துக்கடை மாத்திரைக்குக் கேட்கவில்லை. எங்கள் பழைய டாக்டர் பார்த்ததும் கேட்டது, "வயல்ல எலி ஜாஸ்தியா?" எலிக்காய்ச்சலேதான்.
சரி, எல்லாரும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். பிரஷர், சுகர் அளவைத் தேதியோடு எழுதுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடையில் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தால் முழு அட்டையையும் போனில் படம் பிடியுங்கள், பில்லும் கேளுங்கள். பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். இதையெல்லாம் செய்தால் எந்த டாக்டரிடம் போனாலும் கவலை இல்லை.

வலங்கைமான்வாசி:
மாப்ளே, நான் நோட்டு போடுவது எப்படி என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் இருப்பது திருப்பூரில். மாத்திரை வீட்டுக்கு வருகிறது, நல்ல விஷயம்தான். ராத்திரி தலை சுற்றினால் அம்மா யாருக்குப் போன் போடுவார்? இப்போதைக்கு மருந்துக்கடைப் பையனுக்குத்தான் போடுகிறார்.