திடீர்ச் செவித்திறன் இழப்பு: ஸ்டீராய்டு பாதுகாப்பானதா?

கேள்வி:
சர்க்கரை நோயாளியான என் தந்தைக்கு 3 நாட்களுக்கு முன் வலக்காது திடீரெனக் கேட்காமல் போனது; மருத்துவர் நாளொன்றுக்கு 60 மி.கி. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்திருப்பதால், அதன் பக்கவிளைவுகளை எண்ணி அஞ்சுகிறேன்.

பதில் 1:
உங்கள் அச்சம் நியாயமானதே, ஆயினும் தாமதிக்காதீர்கள் நண்பரே. முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். இரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறக்கூடும் என்பதால், சர்க்கரை மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கமின்மை, மனஎரிச்சல், வயிற்றுப்புண், இரத்த அழுத்த உயர்வு ஆகியவையும் வரலாம்; மிக அரிதாக, இரத்த ஓட்டம் குன்றி இடுப்பு மூட்டெலும்பு சிதைவதும் உண்டு.

பதில் 2:
என் தாயாருக்கும் சர்க்கரை இருந்ததால், செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியால் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினார்கள். சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை. சிறிது நேரம் வலியும் தலைச்சுற்றலும் இருந்தன. செவிப்பறைத் துளை ஆறாமல் போவதும் தொற்றும் சிலருக்கு நேரலாம்.

பதில் 3:
மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறையுங்கள்.