மெய்போத் நகராட்சி அலுவலகத்தில் கேட்ட 'தர்க்காஸ்து'

வருவாய்த் துறையில் 31 வருடம் வேலை பார்த்து, துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். 2018 நவம்பரில் ஈரான் போனபோது யஸ்த் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மெய்போத் என்ற சின்ன ஊரில் மூன்று நாள் தங்கினேன். மண்கோட்டை, புறாக்கோபுரம், பள்ளிவாசல்களில் விரிக்கும் ஸீலூ பருத்தி விரிப்பு நெய்யும் தறி, எல்லாம் பார்த்தேன். ஆனால் மனதில் அப்படியே நிற்பது அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் கழிந்த ஒரு காலைப்பொழுதுதான்.

நான் தங்கிய வீட்டுக்காரர் தன் பழைய மண் வீட்டில் ஒரு அறையை எடுத்துக் கட்ட அனுமதி கேட்கப் போனார், கூடவே என்னையும் அழைத்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் பாரசீகத்தில் கேட்ட முதல் வார்த்தை 'தர்ஃகாஸ்த்'. நான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். புறம்போக்கு நிலம் கேட்டு வரும் மனுவை நாங்கள் காலங்காலமாக தர்க்காஸ்து என்றுதானே எழுதி வந்தோம்! அங்கே அது எந்த விண்ணப்பத்துக்கும் பொதுச்சொல். பணம் கட்டியதும் கொடுத்தது 'ரசீத்', நம் ரசீதேதான். அதில் இருந்த முத்திரையில் ஈரானிய நாட்காட்டிப்படி வருடம் 1397. எங்கள் தாலுகா பதிவேட்டில் அப்போது பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு வருடம், 1428 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பசலி என்ற சொல்லும் பருவம் என்று பொருள்படும் 'ஃபஸ்ல்' என்பதிலிருந்து வந்ததுதான்.

நான் தாசில்தார் அலுவலகத்தில் இருந்தவன் என்றதும் அந்த ஊழியர் யாருடைய பாக்கியை வசூலித்தீர்கள் என்று கேட்டார். அங்கே 'தஹ்ஸீல்தார்' என்றால் பண வசூல்காரர் மட்டும். நிலம், சாதிச் சான்று, பட்டா மாறுதல், தேர்தல் எல்லாம் எங்கள் தலையில்தான் என்று நான் சொன்னதை அந்தப் பெண் மொழிபெயர்த்தபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி தேநீர் வரவழைத்தார்.

அப்புறம் அவர் ஊர் நிர்வாகத்தை விளக்கினார். நகராட்சித் தலைவர் 'ஷஹ்ர்தார்', அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் அமர்த்துகிறது. அந்த மன்றங்களுக்கே 1999-ல்தான் முதல் தேர்தல் நடந்தது, அரசியல் சட்டத்தில் 1979 முதல் எழுதியிருந்தும். மாவட்டத்துக்கு 'ஃபர்மான்தார்' என்று ஒருவர், அவர் உள்துறை அமைச்சகத்தின் ஆள். சாலை, குப்பை, கட்டட அனுமதி என்றால் முதலாமவரிடம், அரசு அதிகாரம் தேவை என்றால் இரண்டாமவரிடம். வீட்டுக்காரர் இரண்டையும் குழப்பாமல் பேசினார், அது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் சாக்கடை அடைப்புக்குக்கூட கலெக்டர் குறைதீர் நாளில் வரிசையில் நிற்பவர்களை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்.

அனுமதி அன்று கிடைக்கவில்லை. வீடு பழைய நகரப் பகுதியில் இருப்பதால் தொல்பொருள், பாரம்பரியத் துறையின் கடிதமும் வேண்டுமாம். மண்சுவர் எத்தனை அங்குலம், கூரை எப்படி என்று ஒரு பொறியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசியில் தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு, சரி 'ஜம்பந்தி' செய்துவிடுவோம் என்றார். தொகுத்து முடிப்பது என்று அர்த்தம். மே, ஜூன் மாதம் வந்தாலே கிராமக் கணக்குகளோடு ராத்திரி பகலாக உட்கார்ந்த ஜமாபந்திகள் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. கணக்கு முடிக்கிற அந்த வேலைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பணியில் இருந்தவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.